தகடு வைத்தது நான், லைசென்சு போனது வேடியப்பனுக்கு

அனுப்புநர்:
ரேணுகாம்பாள்,
காலஞ்சென்ற சின்னசாமி அவர்களின் மனைவி,
பெருமாள் கோயில் தெரு, கீழ்பென்னாத்தூர்,
திருவண்ணாமலை தாலுக்கா, வட ஆற்காடு ஜில்லா.

பெறுநர்:
உயர்திரு மோட்டார் போக்குவரத்து அதிகாரி அவர்கள்,
வேலூர்.

பொருள்: கீழ்பென்னாத்தூர் – திருவண்ணாமலை பஸ் டிரைவர் வேடியப்பன் குடித்துவிட்டு வண்டி ஓட்டியதாகச் சொல்லி அவருடைய லைசென்சை நிறுத்தியது சரியல்ல என்பது பற்றியும், அந்த வண்டிக்குள் எஞ்சின் புகை கசிந்ததற்குக் காரணம் நான் என்பது பற்றியும்.

மதிப்புக்குரிய ஐயா அவர்களுக்கு,

1. போன புரட்டாசியில் எங்கள் பஸ் எஞ்சினைக் கழட்டி வேலை பார்த்துத் திரும்பப் பூட்டிய அன்றைக்கு, திருவண்ணாமலை அவலூர்பேட்டை ரோட்டுப் பட்டறையில் இருந்தவர்கள் பின்வருமாறு. மேஸ்திரி தருமன். டிரைவர் வேடியப்பன். வண்டிக்கு முதலாளியான என் மகன் அப்பாதுரை. பட்டறை வாசலில் மல்லாட்டைக் கடலை வேகவைத்து விற்கிற மணியம்மாள். அப்புறம் நான். என் மகன் விசாரணையில் எழுதிக் கொடுத்த வாக்குமூலத்தில் முதல் மூன்று பேர்தான் இருக்கிறார்களாம். மணியம்மாளை விட்டது மறதியாக இருக்கலாம். பெற்ற தாய் காலையிலிருந்து ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்ததை எவனும் மறக்கமாட்டான். அதனால் இந்த மனு.

2. நான் மூன்றாம் வகுப்பு வரைதான் படித்தவள். தாலுக்கா கச்சேரி வாசலில் மனு எழுதுகிறவரிடம் முதலில் போனேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "வயோதிகத்தாலும் அறியாமையாலும்" என்று ஆரம்பித்தார். வயோதிகம் சரி. அறியாமை கொஞ்ச நாளைக்குத்தான் இருந்தது, அதற்கப்புறம் தெரிந்தேதான் இருந்தேன், அப்படியே எழுதுங்கள் என்றேன். தன்னைத் தானே ஜெயிலுக்கு அனுப்புகிற மனுவை எழுதித் தனக்குப் பழக்கமில்லை என்று பேனாவை மூடிவிட்டார். ஆகவே என் கையாலேயே எழுதுகிறேன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும். நடந்ததில் பிழை இருக்காது. நான் எதையும் மறக்கிறவள் இல்லை. என் கலியாணப் பந்தியில் எனக்கு மட்டும் வடை வைக்காமல் நகர்ந்தவள் யார் என்று கேட்டால் இன்றைக்கும் பெயர் சொல்லுவேன்.

3. எங்கள் வண்டி, யுத்தம் முடிந்தபின் பட்டாளத்தார் ஏலம் விட்ட லாரி. அதன்மேல் மரக்கூடு கட்டி பஸ் ஆக்கினது. பெட்ரோல் எஞ்சின். மற்ற வண்டிகளைப் போல எஞ்சின் முன்னால் மூக்கு மாதிரி நீட்டிக்கொண்டு இருக்காது. டிரைவர் காலுக்குப் பக்கத்தில், உள்ளேயே, தகர மூடிக்குக் கீழே இருக்கும். அந்த மூடியை ஒட்டினாற்போல் இருக்கிற ஒற்றைச் சீட்டு என்னுடையது. நான் ஏறாத நாளில்கூட அதில் யாரையும் உட்கார விடமாட்டார்கள்.

எஞ்சினில் எரிந்த புகையெல்லாம் பக்கவாட்டில் ஒரு வார்ப்பு இரும்புக் குழாயில் வந்து சேர்ந்து, வண்டிக்கு அடி வழியாகப் பின்னால் போகும். அந்த வார்ப்புக்கு மேனிபோல்டு என்று பெயர். எஞ்சினும் அதுவும் சேருகிற இடத்தில் கல்நார் அட்டை வைத்து நட்டு முடுக்குவார்கள். அந்தச் சேர்மானம் ஒரு நூல் விலகினால் போதும், புகை பின்னால் போகாமல் ஆட்கள் உட்கார்ந்திருக்கிற இடத்துக்கு வந்துவிடும். இதெல்லாம் இப்போது தெரிகிறது.

4. எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு நிலை நிறுத்தினால் அதன் அடியில் அம்மன் பெயரில் மந்திரம் எழுதின செப்புத் தகடு ஒன்றை மஞ்சள் துணியில் சுற்றி வைப்போம். கிணற்றுக்கு பம்பு இறக்கியபோதும் வைத்தோம். இந்த வண்டி வாங்கியபோது மட்டும் வைக்கவில்லை. இரும்புக்கு எதுக்குடி தகடு என்று என் வீட்டுக்காரர் சிரித்தார். அந்த வருஷம் தை பிறப்பதற்குள் அவரைத் தூக்கிக்கொண்டு போனோம். இப்போது எஞ்சினை அடியோடு பிரித்துத் திரும்பப் பூட்டுகிறார்கள் என்றதும், மகனுக்காவது இதைச் செய்துவிட வேண்டும் என்று தகடு எழுதி வாங்கி, இடுப்பில் முடிந்துகொண்டு போனேன்.

தருமன் மேஸ்திரியிடம் நயமாகத்தான் கேட்டேன். அவர் எல்லாருக்கும் கேட்கும்படி, "ஆயா, இதுல தலைமயிர் நுழைஞ்சாலும் ஊதும். வேணும்னா எலுமிச்சம்பழத்தோட சேத்து கண்ணாடிகிட்ட தொங்கவிட்டுக்கங்க" என்றார். வேடியப்பன் சிரித்தார். என் மகனும் சிரித்தான். மேஸ்திரி நட்டுகளைக் கையால் மட்டும் திருகிவிட்டுச் சாப்பிடப் போனார். வேடியப்பன் கை கழுவப் போனார். மகன் எண்ணெய் வாங்கப் போனான். நான் எழுந்துபோய், டிரைவர் பக்கத்துக் கடைசிச் சேர்மானத்தில், யார் கண்ணும் எட்டாத இடத்தில், துணியோடு தகட்டைச் செருகினேன். நிமிர்ந்தால் வாசலிலிருந்து மணியம்மாள் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் முறைத்தேன். அவள் சட்டி மூடியைத் திறந்து கடலையைக் கிளற ஆரம்பித்தாள். மேஸ்திரி வந்து எல்லா நட்டையும் முடுக்கினார்.

5. மறுநாள் காலையில் வண்டியைக் கிளப்பியதிலிருந்தே டிக் டிக் என்று ஒரு சத்தம். எஞ்சின் சூடேறினால் அடங்கிவிடும், ஆறினால் திரும்ப வரும். கருகின வாடையும் லேசாக இருந்தது. வேடியப்பன் பட்டறைக்குக் கொண்டுபோனார். மேஸ்திரி குழாய் இணைப்பில் இருக்கும் என்று அதைக் கழட்டிப் பூட்டினார். நிற்கவில்லை. சைலன்சரில் ஓட்டை இருக்கும் என்று அதற்குப் பற்று வைத்தார். நிற்கவில்லை. மேனிபோல்டு நட்டுகளை ஒவ்வொன்றாக முடுக்கினார். இரண்டு நாள் நின்ற மாதிரி இருந்து திரும்ப வந்தது.

பிறகு மேனிபோல்டையே இறக்கிப் பார்க்கிறேன் என்றார். அன்றைக்கு, மலை சுத்த வேண்டும் என்று மகனிடம் பொய் சொல்லிவிட்டு நானும் பட்டறைக்குப் போனேன். அவர் கடைசி நட்டைத் தளர்த்திவிட்டு இரும்பைத் தாங்க முட்டு எடுக்கத் திரும்பியபோது தகட்டை உருவி முந்தானையில் மறைத்தேன். துணி கரிந்து போயிருந்தது. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். எனக்கு உறைத்தது வேறு. அம்மன் துணியை ஏற்றுக்கொண்டாள் என்று நினைத்தேன். மேஸ்திரி முகப்பில் இரும்பு ஸ்கேல் வைத்து மட்டம் பார்த்தார், உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார், புது அட்டை வெட்டினார். திரும்பப் பூட்டுகிற நேரத்தில் ஸ்பானருக்காக ஒரு தடவை உள்ளே போனார். எனக்கு அது போதுமாக இருந்தது. புது மஞ்சள் துணி முன்கூட்டியே கிழித்து வைத்திருந்தேன்.

அடுத்த நாள் அதே டிக் டிக். மேஸ்திரி வண்டிக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, தன் இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்ததாக வேடியப்பன் வந்து சொன்னார். இருபது வருஷம் எஞ்சின் பார்த்த மனுஷர், தன் கைக்கு என்னமோ ஆகிவிட்டது என்று புலம்பினாராம். கேட்டுக்கொண்டு நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன்.

6. ஐப்பசிக் கடைசியில் அவர் வேறு விதமாகப் பார்த்தார். புகைக் குழாயின் பின்வாயை ஈரச் சாக்கால் அடைத்துவிட்டு எஞ்சினை ஓடவிட்டார். ஊதுவத்தி ஒன்றைக் கொளுத்தி மேனிபோல்டு ஓரமாகவே நகர்த்திக்கொண்டு வந்தார். வத்திப் புகை எல்லா இடத்திலும் கோடு போட்ட மாதிரி நேராக ஏறியது. கடைசிச் சேர்மானத்துக்கு வந்ததும் யாரோ வாயால் ஊதின மாதிரி பிய்ந்து போனது. "இங்கதான் ஊதுது. ரெண்டு நாள் வுடுங்க, பூரா இறக்கி இன்னான்னு பாத்துர்றேன்" என்றார். என் மகன், தீபத்துக்கு ஜனம் வருகிற சமயத்தில் வண்டியை நிறுத்த முடியாது, தீபம் முடியட்டும் என்றான்.

ஐயா அவர்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். ஊதுவத்தி பிய்ந்தது நான் தகடு வைத்த இடத்தில். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அரை மணி நேரத்து வேலை. சொல்லவில்லை. தகட்டை எடுத்தால் மகனுக்கு ஏதாவது ஆகிவிடும் என்ற பயம் பாதி. எல்லார் எதிரிலும் அந்த மேஸ்திரி சொன்னதுதான் சரி என்று ஆகிவிடுமே என்பது பாதி. புகைதானே, அறுபது வருஷம் விறகடுப்புப் புகையைத் தின்று வளர்ந்த உடம்பு இது, புகையால் யார் செத்தார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

7. இன்னொன்றும் உண்டு, அதையும் எழுதிவிடுகிறேன். வேடியப்பன் மேல் எனக்கு ஒரு வஞ்சம் இருந்தது. மூன்று வருஷத்துக்கு முன் ஒரு நாள் எங்கள் தெருமுனையில் நின்று கை காட்டினேன். அவர் நிறுத்தாமல் ஸ்டாப்பில் கொண்டுபோய் நிறுத்தினார். வெயிலில் நடந்துபோய் ஏறினேன். "ஆருக்கும் ஸ்டாப்புதான் ஆயா, முதலாளி வூட்டுக்கும் அதான்" என்றார். வண்டியே சிரித்தது. அதை நான் மனசிலேயே போட்டு வைத்திருந்தேன். ஆகவே அவர் வந்து தலைவலிக்கிறது, சோறு இறங்கவில்லை, முன்பக்கம் புகை ஜாஸ்தியாக வருகிறது என்று மகனிடம் சொன்னபோதெல்லாம், உடம்பு வணங்காதவன் சொல்கிற சாக்கு என்று மகன் காதில் ஓதியவள் நான்.

அவர் சொன்னது நிஜம் என்பது எனக்குத் தெரியும். கார்த்திகை பிறந்தபின் ஒரு நாள் என் சீட்டில் உட்கார்ந்து திருவண்ணாமலை போனேன். இறங்கும்போது தலை கனத்து, கால் பின்னியது. அதற்கடுத்த தடவையிலிருந்து பின்னால் கதவோரம் போய் உட்கார்ந்துகொண்டேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

8. தீபத் திருவிழாவின் தேர் அன்றைக்கு மத்தியானத்திலிருந்தே மழை. திருவண்ணாமலையிலிருந்து திரும்புகிற சாயந்திர டிரிப்புக்கு வண்டி நிறைய ஆள். எங்கள் வண்டிச் சன்னலுக்குக் கண்ணாடி கிடையாது, படுதாதான். இரண்டு பக்கமும் இறக்கிக் கட்டியாகிவிட்டது. நான் கதவோரம் இருந்தேன். மணியம்மாள் காலிக் கூடையோடு ஏறி, நிற்க இடமில்லாமல் என்னைப் பார்த்து, "ஆயா, முன்சீட்டு சும்மாதான கீது, உக்காந்துக்கட்டுமா" என்று கேட்டாள்.

உட்கார் என்றேன்.

ஊர் தாண்டியதும் ஒவ்வொருத்தராகத் தலை தொங்க ஆரம்பித்தார்கள். தேர் வடம் பிடித்த களைப்பு என்று நினைத்தேன். ஒரு குழந்தை வாந்தி எடுத்தது. சோமாசிபாடி தாண்டி ஏரிக்கரை வளைவில் வண்டி ஆடியது. வலது பக்கம் தளும்பத் தளும்ப ஏரி. இடது பக்கம் நெல்லுக் கழனி. வேடியப்பன் இடது பக்கம் ஒடித்துக் கழனிக்குள் இறக்கினார். வண்டி சாய்ந்து நின்றது. முன்சீட்டிலிருந்து மணியம்மாள் தூக்கி எறியப்பட்டு அவளுக்கு இடுப்பெலும்பு முறிந்தது. மற்றவர்களுக்குச் சிராய்ப்புதான். அவர் வலது பக்கம் போயிருந்தால் இந்த மனுவை எழுத நானும் இருக்கமாட்டேன்.

வேடியப்பன் இறங்கி ஆட்களை இழுத்து வெளியே விட்டார். நாலு பேரை இழுத்ததும் சேற்றில் விழுந்து வாந்தி எடுத்தார். முகம் செக்கச்செவேல் என்று இருந்தது. நாக்கு குழறியது. எழுந்து நின்றார், திரும்ப விழுந்தார். அந்தக் குழறலில் அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான், "படுதாவ அவுத்துவுடுங்க, படுதாவ அவுத்துவுடுங்க." பக்கத்தில் நின்று என் காதால் கேட்டேன். குடித்தவன் படுதாவை அவிழ்க்கச் சொல்லுவானா என்று ஐயா அவர்களே யோசிக்க வேண்டும். மேலும் அவர் கார்த்திகை பிறந்ததிலிருந்து ஒருவேளைச் சாப்பாட்டு விரதம் இருந்தவர்.

அடுப்புப் புகை கண்ணைக் கரிக்கும், எழுந்து ஓடிவிடுவோம், எஞ்சின் புகை கரிக்காமல் உட்கார்ந்த இடத்திலேயே ஆளைத் தூங்கவைக்கும் என்று தருமன் பிற்பாடு எனக்குச் சொன்னார். நான் அதற்கு முன் யாரிடமும் கேட்டதில்லை.

9. போலீசார் வந்தபோது என் மகனும் வந்து சேர்ந்தான். டிரைவர் தள்ளாடுகிறான் என்று அவர்கள் சொல்ல, சாராய வாடை அடிக்கிறது என்று இவன் சொன்னான். மதுவிலக்குக் கேஸ் எழுதி வேடியப்பனை லாக்கப்பில் வைத்தார்கள். ஆஸ்பத்திரி டாக்டர் தள்ளாட்டம் என்று எழுதினாரே தவிர வாடை என்று எழுதவில்லை என்கிறார்கள். தாங்கள் அதை வரவழைத்துப் பார்க்கலாம்.

தங்கள் இன்ஸ்பெக்டர் வண்டியைச் சோதிக்க வரப்போகிறார் என்று தெரிந்ததும், என் மகன் முந்திக்கொண்டு போய் அந்தக் கடைசி நட்டுகளைத் தளர்த்தினான். தகடு அவன் கையில் வந்தது. அதைப் பார்த்ததும் யார் வேலை என்று அவனுக்குத் தெரியும். எடுத்துவிட்டு நன்றாக முடுக்கிவைத்தான். இன்ஸ்பெக்டர் வந்து பார்த்தபோது கசிவு இல்லை. அவர் பொய் எழுதவில்லை, அப்போது இல்லைதான். புகை கசிந்தது என்று தருமன் சொன்னதை, தன் வேலையின் குறையை மறைக்கிறார் என்று தள்ளிவிட்டார்கள்.

மகன் ஸ்டேஷனுக்குப் போய் வாக்குமூலம் எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து, அடுப்படியில் என் எதிரில் தகட்டைப் போட்டு, "வாய மூடிக்கினு இரு. உன்ன காப்பாத்தத்தான் இம்மாம் பொய்" என்றான். வண்டியில் பழுது என்று ஆனால் பர்மிட்டு போய்விடும், டிரைவர் குடித்தான் என்று ஆனால் டிரைவர் மட்டும்தான் போவான் என்று விளக்கமும் சொன்னான். பிறகு சோறு கேட்டான். நான் போட்டேன்.

10. மார்கழி முழுக்க வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். வேடியப்பன் ஜாமீனில் வந்து மல்லாட்டை மண்டியில் மூட்டை தூக்குகிறார். குடிகாரன் என்று பிள்ளைகள் பின்னால் கத்துகிறார்கள். ஒரு நாள் மண்டி வாசலில் எதிரே வந்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். முதுகில் மூட்டையோடு நின்று, "சேறா கீது ஆயா, ஓரமா போங்க" என்று வழி விட்டார்.

பொங்கல் கழிந்து மணியம்மாளைப் பார்க்கப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவளால் இனி குந்தி உட்கார்ந்து அடுப்பு மூட்ட முடியாதாம். ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு போயிருந்தேன். அவள் அதைத் தொடவில்லை. பக்கத்துக் கட்டில்காரி அந்தாண்டை போகிற வரைக்கும் பொறுத்திருந்து, "நீங்க வெச்சத நான் பாத்தேன் ஆயா. பெரிய மனுஷி, நீங்களே சொல்லுவீங்கன்னுதான் ஆருகிட்டயும் சொல்லாம கீறேன்" என்றாள். முன்சீட்டில் உட்காரச் சொன்னதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

11. ஆகவே ஐயா அவர்களைக் கேட்டுக்கொள்வது:

வேடியப்பனின் லைசென்சைத் திருப்பித் தர வேண்டும். அவர் அன்றைக்குக் குடிக்கவில்லை என்று மதுவிலக்குக் கேஸ் நடக்கிற கோர்ட்டுக்குத் தாங்கள் எழுத வேண்டும். தருமன் மேஸ்திரியின் வேலையில் குறை இல்லை என்பதையும் அதிலேயே சேர்க்க வேண்டும், அந்த மனுஷருக்குத் தன் கைமேல் நம்பிக்கை திரும்ப வேண்டும்.

தகட்டை இத்துடன் காகிதத்தில் மடித்து அனுப்பியிருக்கிறேன். ஒரு பக்கம் கரியேறி, ஓரம் நீலம் பாய்ந்து இருக்கும். கிழவி பேச்சு என்று தோன்றினால், அதே இடத்தில் தருமன் கையாலேயே இதை வைத்து, எஞ்சினை ஓடவிட்டு, படுதாவை இறக்கிக் கட்டி, முன்சீட்டில் என்னை உட்கார வைத்துப் பாருங்கள். எவ்வளவு நேரம் என்பதைத் தாங்களே முடிவு செய்யலாம். எனக்கு ஆட்சேபனை இல்லை.

எனக்கு என்ன தண்டனையோ அதைத் தாமதமில்லாமல் கொடுக்க வேண்டும். வயசைப் பார்த்துக் கம்மி செய்ய வேண்டாம்.

12. என்னைப் பற்றி ஊரில் கேட்டால், வஞ்சம் மறக்காதவள் என்றுதான் சொல்லுவார்கள். உள்ளதுதான். ஆனால் இந்த மனுவை எழுத உட்கார்ந்தபோது ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரிக்கும்படி செய்த தருமனை விட்டுவிட்டேன். தெருமுனையில் நிறுத்தாத வேடியப்பனையும் விட்டுவிட்டேன், அவர் செய்தது சரி. வடை வைக்காமல் போனவளையும் இன்றோடு விட்டுவிட்டேன். என்னை நான் என்ன செய்வது என்று தெரியவில்லை. அதைத் தங்கள் கையிலும், மலையாக நிற்கிறவர் கையிலும் ஒப்படைக்கிறேன்.

ஒரு ஆள் மட்டும் பாக்கி. நான் தகடு வைத்தது பயத்தில், வாயை மூடிக்கொண்டிருந்தது திமிரில். அவனுக்கு அந்த இரண்டும் இல்லை. தகட்டைக் கையில் வைத்துக்கொண்டு, எல்லாம் தெரிந்து, ஸ்டேஷனுக்கு நடந்து போய், ஒன்றும் அறியாதவன் பெயரில் பழியை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, எனக்காகச் செய்தேன் என்று என்னிடமே வந்து சொன்னான். என் பெயரை வாக்குமூலத்திலிருந்து எடுத்தவன், என்னை உத்தேசித்து எடுக்கவில்லை, பர்மிட்டை உத்தேசித்து எடுத்தான். அப்படி வளர்த்தவளும் நான்தான், அது எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும் எழுதுகிறேன். நான் மன்னிக்காதவன் பெயர் அப்பாதுரை.

இடம்: கீழ்பென்னாத்தூர்
நாள்: 27-1-1958

இப்படிக்கு,
அப்பாதுரை தாயார்
ரேணுகாம்பாள்